மெய்நிகர் இயந்திரங்களின் வட்டுக் கோப்புகளைக் கட்டளைவரி வழியே இடம் மாற்றியது

வட்டில் 93 விழுக்காடு நிரம்பிவிட்டது என்ற எச்சரிக்கை மூன்றாவது முறையாக வந்தபோது, இனியும் இதைத் தள்ளிப்போட முடியாது என்று முடிவு செய்தேன். டெபியன் லினக்ஸ் நிறுவிய ஒரே சர்வரில், லினக்ஸ் கெர்னலின் மெய்நிகராக்க வசதியான கேவிஎம் துணையுடன் பதின்மூன்று மெய்நிகர் இயந்திரங்கள், அதாவது ஒரே கணினிக்குள் மென்பொருளால் உருவான தனிக் கணினிகள், ஓடிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் வட்டாக விளங்கும் வட்டுக் கோப்புகள் எல்லாம் 2 டிபி கொள்ளளவுள்ள பழைய சுழல்வட்டு ஒன்றில் கிடந்தன. 4 டிபி எஸ்எஸ்டி ஒன்றைப் பொருத்திவிட்டு, அவற்றுள் பதினொன்றை அதற்கு மாற்றுவது என்றும், அதிகம் பயன்படாத பெரிய காப்பக இயந்திரங்கள் இரண்டைப் பழைய வட்டிலேயே விட்டுவிடுவது என்றும் திட்டமிட்டேன். பதின்மூன்றையும் நகர்த்துவதாக இருந்தால், கோப்புகளைப் படியெடுத்தபின் புதிய வட்டையே பழைய பாதையில் மவுண்ட் செய்துவிட்டு நிம்மதியாகப் படுக்கப் போயிருக்கலாம். எந்தப் பாதையும் மாறியிருக்காது. இரண்டு வட்டுகளும் அருகருகே இருக்க வேண்டும் என்ற அந்த ஒரே காரணத்தால்தான் இவ்வளவு வேலையும் வந்து சேர்ந்தது.

முதலில் கணக்கெடுப்பு. மெய்நிகர் இயந்திரங்களை நிர்வகிக்கும் விர்ஷ் கட்டளையின் டொம்பிளாக்லிஸ்ட் பிரிவை ஒவ்வோர் இயந்திரத்துக்கும் ஓட்டி, எந்த இயந்திரம் எந்தக் கோப்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று ஒரு பட்டியல் எடுத்தேன். பிறகு, இயந்திரங்களை ஓட்டும் கியூஇஎம்யு மென்பொருளோடு வரும் கியூஇஎம்யு-இமேஜ் இன்ஃபோ கட்டளையால் ஒவ்வொரு கோப்பின் வடிவத்தையும் பார்த்தேன். இயங்கிக்கொண்டிருக்கும் இயந்திரத்தின் கோப்பை இப்படிப் பார்க்க முயன்றால் பூட்டு கிடைக்கவில்லை என்று அது மறுத்துவிடும். பகிர்ந்து படிக்க அனுமதிக்கும் விருப்பத்தைச் சேர்த்தால் வழிவிடும். நகர்த்த வேண்டிய பதினொன்றில் ஏழு இயந்திரங்கள், கியூஇஎம்யுவுக்கே உரிய க்யூகவ்2 வடிவத்தில் தனித்து நிற்கும் கோப்புகளைக் கொண்டிருந்தன. ஒன்று எந்தத் தலைப்பகுதியும் இல்லாத ரா வடிவத்தில் இருந்தது. மீதி மூன்றும் ஒரே அடிக்கோப்பின்மேல் கட்டப்பட்ட மேலடுக்குகள். இயங்குதளத்தை ஒருமுறை நிறுவி, அதைப் பொதுவான அடிக்கோப்பாக வைத்துக்கொண்டு, ஒவ்வோர் இயந்திரத்தின் மாற்றங்களை மட்டும் தனித்தனி மேலடுக்கில் எழுதச்செய்யும் ஏற்பாடு அது. இடத்தை மிச்சப்படுத்தும் என்று சில ஆண்டுகளுக்கு முன் நானே பெருமையுடன் செய்துவைத்தது. அதன் விலையை இந்த முறை கொடுத்தேன். அதைப் பின்னால் சொல்கிறேன்.

பதினொன்றும் சேர்ந்து உண்மையில் அடைத்திருந்த இடம் ஏறத்தாழ 940 ஜிபி. சுழல்வட்டு நொடிக்கு 140 எம்பி வேகத்தில் தொடர்ந்து படிக்கும் என்று வைத்துக்கொண்டால், இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆக வேண்டும். ஆனால் பல ஆண்டுகளாகத் துண்டு துண்டாக வளர்ந்த கோப்புகளைச் சுழல்வட்டு அந்த வேகத்தில் படிப்பதில்லை. சரிபார்ப்புக்காக மூலக் கோப்பை மறுபடியும் முழுதாகப் படிக்கவும் வேண்டும். கடைசியில் ஐந்து மணி நேரம் பிடித்தது.

இங்கே "உண்மையில் அடைத்திருந்த இடம்" என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். ரா வடிவக் கோப்பை எல்எஸ் கட்டளை 200 ஜிபி என்று காட்டியது. டியூ கட்டளையோ 31 ஜிபி என்று காட்டியது. இரண்டும் பொய்யல்ல. கோப்பின் உள்ளே இதுவரை எழுதப்படாத பகுதிகளுக்குக் கோப்பு முறைமை இடமே ஒதுக்குவதில்லை. படிக்கும்போது மட்டும் அந்த ஓட்டைகளைச் சுழியங்களாகக் காட்டுகிறது. ஜிஎன்யு தொகுப்பில் படியெடுக்க உதவும் சிபி கட்டளை இந்த ஓட்டைகளைத் தானாகவே கண்டுகொள்ளும். ஆர்சிங்க் என்ற படியெடுக்கும் கருவி அப்படியல்ல, ஸ்பார்ஸ் என்ற விருப்பத்தை வெளிப்படையாகக் கொடுத்தால்தான் ஓட்டையை ஓட்டையாகவே எழுதும். சோதனைக்காக முதலில் படியெடுத்தபோது அதை மறந்தேன். புதிய வட்டில் 31 ஜிபி கோப்பு 200 ஜிபியாக உப்பி உட்கார்ந்திருந்தது. எஸ்சிபி கட்டளைக்கும் இதே குணம் உண்டு. அதற்கு இந்த விருப்பமே கிடையாது.

எம்வி கட்டளையைத் தொடுவதில்லை என்று ஆரம்பத்திலேயே முடிவெடுத்தேன். ஒரே கோப்பு முறைமைக்குள் எம்வி என்பது வெறும் பெயர்மாற்றம். கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். இரண்டு வட்டுகளுக்கிடையே அதுவே படியெடுத்துவிட்டு மூலத்தை அழிக்கும் வேலையாகிவிடுகிறது. படி நல்லபடியாக வந்ததா என்று நான் பார்ப்பதற்கு முன்பே மூலம் போய்விடும். ஆகவே, படியெடுப்பது, ஒப்பிடுவது, வட்டுக் கோப்பின் பாதையைச் சொல்லும் இயந்திர வரையறையைத் திருத்துவது, இயக்கிப் பார்ப்பது, பல நாள் கழித்தே பழையதை அழிப்பது என்ற வரிசையில்தான் ஸ்கிரிப்டை எழுதினேன்.

ஸ்கிரிப்ட் பாஷ் மொழியில் 150 வரிக்குள் அடங்கியது. இயந்திரங்களின் பெயர்ப்பட்டியல் ஒரு தனிக் கோப்பில் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எந்தக் கட்டம் முடிந்தது என்பதை இன்னொரு கோப்பில் எழுதிக்கொண்டே போகும். பாதியில் நின்றால், மறுபடி ஓட்டும்போது முடிந்த கட்டங்களைத் தாண்டிச்செல்லும். வட்டைத் தொடும் எல்லாக் கட்டளைகளையும் ஒரே செயற்கூற்றின் வழியே அனுப்பினேன். ஒத்திகை நிலையில் அந்தக் கூறு கட்டளையை நிறைவேற்றாமல் திரையில் அச்சிட மட்டும் செய்யும். இதை எழுத எனக்குப் பத்து நிமிடமே ஆனது. அது காப்பாற்றிய இடங்களை எண்ணிச் சொல்ல முடியாது. கோப்புப் பெயர்களுக்கு எல்லா இடங்களிலும் மேற்கோள் குறியிட்டேன், ஏனெனில் இரண்டு கோப்புகளின் பெயர்களில் இடைவெளி இருந்தது. அப்படிப் பெயர் வைத்தவனும் நான்தான்.

பிழை வந்தால் உடனே நின்றுவிடும்படி பாஷின் கண்டிப்பான அமைப்புகளை வழக்கம்போல் முதல் வரியிலேயே வைத்திருந்தேன். அவை காப்பாற்றும், ஆனால் காரணம் சொல்லாமல் காலையும் வாரும். அடிக்கோப்பு உண்டா என்று பார்க்கும் வரியில் இன்ஃபோ கட்டளையின் விடையை, சொல் தேடும் கிரெப் கட்டளைக்குள் குழாய்வழி அனுப்பியிருந்தேன். அடிக்கோப்பு இல்லாத இயந்திரத்தில் கிரெப் எதையும் காணாமல் 1 என்ற முடிவுக் குறியீட்டைத் தர, ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் ஸ்கிரிப்ட் நின்றுபோனது. இதைக் கண்டுபிடிக்கவே அரை மணி நேரம் ஆயிற்று. கியூஇஎம்யு-இமேஜ் செக் கட்டளையும் இதே வகை. குறை ஒன்றுமில்லையென்றால் 0 தரும். தரவு சிதைந்திருந்தால் 2 தரும். யாரும் பயன்படுத்தாத கொத்துகள் (கோப்புக்குள் இடம் ஒதுக்கும் அலகுகள்) வெறுமனே இடத்தை அடைத்துக் கிடந்தால் 3 தரும். ரா போன்ற, இந்தச் சோதனையையே அறியாத வடிவத்துக்கு 63 தரும். கடைசி இரண்டும் நின்றுபோக வேண்டிய பிழைகளல்ல. ஆகவே குறியீட்டைத் தனியே வாங்கி, 2 வந்தால் மட்டும் கூச்சலிட்டு நிற்கவும், 1 வந்தால் சோதனை முடியவில்லை என்று அறிவித்து என் பதிலுக்குக் காத்திருக்கவும் செய்தேன்.

அடுத்து, இயந்திரத்தை அணைப்பது. விர்ஷ் ஷட்டவுன் என்பது அணைந்துகொள்ளும்படி உள்ளிருக்கும் இயங்குதளத்துக்கு ஒரு செய்தியை அனுப்பிவிட்டு உடனே திரும்பிவிடும் கட்டளை. அணைந்து முடியும்வரை அது காத்திருப்பதில்லை. அதன் அடுத்த வரியிலேயே ஆர்சிங்கை வைத்தால், தரவுத்தளம் இன்னும் எழுதிக்கொண்டிருக்கும்போதே படியெடுக்கத் தொடங்கிவிடுவோம். கியூஇஎம்யு தன் வட்டுக் கோப்பின்மேல் பூட்டு போட்டிருக்கிறதே, அது தடுக்காதா என்று கேட்கலாம். அது ஒப்புக்கொண்டவர்களை மட்டும் கட்டுப்படுத்தும் அறிவிப்புப் பூட்டு. கியூஇஎம்யு-இமேஜ் அதை மதிக்கும், ஆர்சிங்கும் சிபியும் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. எனவே ஐந்து நொடிக்கு ஒருமுறை டொம்ஸ்டேட் கட்டளையால் நிலையைக் கேட்டு, அணைந்துவிட்டது என்ற சொல் வந்தபின்னரே மேலே போகும் ஒரு சுற்றை எழுதினேன். ஐந்து நிமிடத்துக்குள் அணையவில்லையென்றால் அந்த இயந்திரத்தை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். வலுக்கட்டாயமாக அணைக்கும் கட்டளையை ஸ்கிரிப்டில் எங்கும் சேர்க்கவில்லை. கணினியின் மொழியமைப்பு மாறினால் அந்த நிலைச்சொல்லும் மாறக்கூடும் என்பதால், மொழிச்சூழலை ஸ்கிரிப்டின் தலையிலேயே "சி" என்று கட்டிவைத்தேன்.

படியெடுக்க ஆர்சிங்கைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் வேகமல்ல. அது இலக்கு இடத்தில் மறைவான தற்காலிகப் பெயரில் எழுதி, முழுவதும் வந்தபின்னரே உண்மையான பெயருக்கு மாற்றுகிறது. ஆகவே, நடுவில் மின்சாரம் போனாலும், அரைகுறைக் கோப்பு ஒன்று முழுக் கோப்பின் பெயரில் நிற்காது. சிபியில் அந்தப் பாதுகாப்பு இல்லை. எல்லாவற்றையும், இணைப்பு அறுந்தாலும் சர்வரில் தொடர்ந்து ஓடும் டிமக்ஸ் அமர்வுக்குள் ஓட்டினேன். தொலைவிலிருந்து எஸ்எஸ்எச் வழியே வேலை செய்பவர் இணைப்பு அறுந்து வேலையும் நின்றுபோவதை ஒருமுறை பார்த்திருந்தால், அப்புறம் சொல்லத் தேவையிருக்காது.

ஒப்பிடுவதற்கு, கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து பெறும் சரிபார்ப்பு எண்ணை, அதாவது செக்சத்தை, எஸ்எச்ஏ256 முறையில் இரு பக்கமும் கணக்கிட்டேன். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. இப்போதுதான் எழுதிய கோப்பை உடனே படித்தால், அதன் பெரும்பகுதி வட்டிலிருந்து வராமல் கெர்னலின் நினைவகச் சேமிப்பிலிருந்தே வரக்கூடும். அப்போது நாம் சோதிப்பது புதிய எஸ்எஸ்டியை அல்ல, ராமை. எனவே சிங்க் கட்டளையை ஓட்டி, பிறகு கெர்னலின் டிராப்-கேஷஸ் அமைப்பில் 3 என்று எழுதி அதைக் காலிசெய்துவிட்டு, அதன்பின் கணக்கிட்டேன். படியெடுத்தலுக்குப் பதில் கியூஇஎம்யு-இமேஜின் கன்வர்ட் கட்டளையைப் பயன்படுத்தியிருந்தால் இந்த ஒப்பீடு பயன்படாது. உள்ளடக்கம் ஒன்றாக இருந்தாலும் கோப்பின் பைட் வரிசை மாறிவிடும், அங்கே கம்பேர் பிரிவைத்தான் நாட வேண்டும். மேலும், கோப்புக்குள்ளேயே சேமித்த ஸ்னாப்ஷாட்டுகளைக் கன்வர்ட் கொண்டுவராது. என் இயந்திரம் ஒன்றில் அப்படி நான்கு இருந்தன.

வரையறையைத் திருத்துவதற்கு டம்ப்எக்ஸ்எம்எல் கட்டளையில் இரண்டு விருப்பங்கள் தேவைப்பட்டன. இயங்கும் நிலையை விட்டுவிட்டு நிலையான வரையறையைத் தருவது ஒன்று. திரைப்பகிர்வுக் கடவுச்சொல் போன்ற மறைபொருள்களையும் சேர்த்துத் தருவது மற்றொன்று. இரண்டாவதை விட்டால், திருத்தி மறுபடி வரையறுக்கும்போது அந்தக் கடவுச்சொல் சத்தமில்லாமல் காணாமல்போகும். பாதையை மாற்ற, உரையில் ஒன்றைத் தேடி மாற்றும் செட் கட்டளையே போதும் என்றாலும், கோப்புறையின் பெயரை மட்டும் தேடி மாற்றுவது ஆபத்து; ஒரு பெயர் இன்னொரு பெயரின் தொடக்கமாக இருந்தால் இரண்டும் மாறிவிடும். விர்ஷின் பின்னிருந்து இயந்திரங்களை நிர்வகிக்கும் லிப்வெர்ட், பாதைகளை ஒற்றை மேற்கோள் குறிகளுக்குள் எழுதுகிறது. முழுப் பாதையையும் இரு முனையின் குறிகளோடு சேர்த்துத் தேடினால் அந்தத் தவறு நேராது. பிறகு டிஃபைன் கட்டளை. அன்டிஃபைன் செய்யவே இல்லை. பெயரும் தனி அடையாள எண்ணும் அப்படியே இருந்தால், லிப்வெர்ட் பழைய வரையறையின்மேல் புதியதை எழுதிக்கொள்ளும். யுஇஎஃப்ஐ முறையில் துவங்கும் இயந்திரத்தின் துவக்க அமைப்புகள் இருக்கும் என்விராம் கோப்புக்கும் கேடு வராது.

முதல் இரவு எட்டு இயந்திரங்கள் நகர்ந்தன. அவற்றுள் ஏழு, தொந்தரவே தராமல் எழுந்தன. எட்டாவதில் நடந்தது விந்தை. டொம்ஸ்டேட் அது அணைந்திருக்கிறது என்றுதான் சொன்னது. கோப்பு வந்தது, செக்சம் பொருந்தியது, வரையறை திருந்தியது. ஆனால் பழைய கோப்பின் பெயரை மாற்றிவிட்டு ஸ்டார்ட் கொடுத்ததும் பழைய பாதையில் கோப்பைக் காணோம் என்றது. வரையறையை மூன்று முறை படித்தேன். பழைய பாதை அதில் எங்குமே இல்லை. எப்போதோ அந்த இயந்திரத்தை மேனேஜ்டுசேவ் முறையில், அதாவது நினைவகத்தோடு உறங்கவைத்து, அப்படியே விட்டிருந்தேன். அப்படி உறங்கும் இயந்திரமும் அணைந்த நிலையிலேயே தெரியும். ஸ்டார்ட் கொடுத்தால் புதிதாகத் துவங்காமல், உறங்கிய நிலையை மீட்கப் பார்க்கும். அந்தச் சேமிப்புக் கோப்புக்குள் அன்றைய வரையறையும், அதில் அன்றைய பாதையும் பொதிந்திருக்கும். பழைய கோப்பின் பெயரைத் திரும்ப மாற்றி, வரையறையையும் பழையபடி ஆக்கி, இயந்திரத்தை எழுப்பி, முறைப்படி அணைத்து, மீண்டும் முதலிலிருந்து தொடங்கினேன். உறக்கநிலையை நீக்கிவிட்டுப் புதிதாகத் துவக்கியிருக்கலாம்தான். அது ஓடும் இயந்திரத்தின் மின்கம்பியைப் பிடுங்குவதற்குச் சமம். டொம்இன்ஃபோ தரும் விடையில் மேனேஜ்டுசேவ் வரியைப் பார்த்து, ஆம் என்றிருந்தால் நிற்கும் சோதனையை அன்றிரவே சேர்த்தேன்.

மறுநாள் மேலடுக்குகள் மூன்றும். அடிக்கோப்பை முதலில், பிறகு மேலடுக்குகளைப் படியெடுத்தேன். வரையறைகளைத் திருத்தி இயக்கினேன். மூன்றும் உடனே எழுந்தன, வேகமும் கூடியிருந்தது. ஒன்றை உள்ளிருந்தே ரீபூட் செய்து பார்த்தேன்; அதுவும் சரி. ஆக வேலை முடிந்தது என்று எண்ணி, பழைய அடிக்கோப்பின் பெயரை மாற்றப் போகுமுன், வழக்கத்தின் காரணமாகவே ஃபியூசர் கட்டளையை அதன்மேல் ஓட்டினேன். மூன்று செயல்முறைகள் அதைத் திறந்து வைத்திருந்தன. மூன்றும் சற்றுமுன் நான் இயக்கிய இயந்திரங்கள்.

மேலடுக்குக் கோப்பின் தலைப்பகுதியில் அடிக்கோப்பின் முழுப் பாதையும் எழுதப்பட்டிருக்கிறது. வரையறையில் மேலடுக்கின் பாதையை மாற்றினேனே தவிர, மேலடுக்குக்குள் இருந்த பாதையை மாற்றவில்லை. பழைய வட்டு இன்னும் இருந்த இடத்திலேயே இருந்ததால், மூன்றும் புதிய எஸ்எஸ்டியில் மேலடுக்கையும் பழைய சுழல்வட்டில் அடிக்கோப்பையும் வைத்துக்கொண்டு, எந்தக் குறையும் சொல்லாமல் ஓடின. நான் அந்த நேரத்தில் பெயரை மாற்றியிருந்தாலும் ஒன்றும் தெரிந்திருக்காது. திறந்த கோப்பின் பெயர் மாறினாலும், ஏன் அழிந்தாலும், திறந்து வைத்திருக்கும் செயல்முறைக்கு அது இருந்துகொண்டே இருக்கும். உள்ளிருந்து செய்யும் ரீபூட்டும் இதைக் காட்டிக்கொடுக்காது, ஏனெனில் ஹோஸ்டில், அதாவது இவற்றைத் தாங்கும் சர்வரில், கியூஇஎம்யு செயல்முறை அப்படியே தொடர்கிறது. பல வாரம் கழித்து, ராம் கூட்டுவதற்காக எவரேனும் முழுதாக அணைத்து இயக்கும் நாளில்தான் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக எழ மறுத்திருக்கும். அதற்குள் அடிக்கோப்பை அழித்தும் இருப்பேன்.

திருத்தும் வழி சுருக்கமானது. மூன்றையும் அணைத்து, ஒவ்வொரு மேலடுக்கிலும் ரீபேஸ் கட்டளையை அதன் பாதுகாப்பற்ற நிலையில் ஓட்டினேன். அந்த நிலை தலைப்பகுதியில் உள்ள பாதையை மட்டும் மாற்றும். புதிய அடிக்கோப்பின் உள்ளடக்கம் பழையதோடு பைட்டுக்குப் பைட் ஒன்றுதானா என்று பார்க்காது. அந்தப் பொறுப்பு நம்முடையது, செக்சம் இல்லாமல் இதைச் செய்யக் கூடாது. அடிக்கோப்பின் வடிவத்தையும் கூடவே சொல்லியாக வேண்டும், கியூஇஎம்யு 6.1 பதிப்பிலிருந்து அது கட்டாயம். பாதைக்கு முழு முகவரி கொடுக்காமல் வெறும் கோப்புப் பெயரைக் கொடுத்தேன். அப்படிக் கொடுத்தால் மேலடுக்கு இருக்கும் கோப்புறையிலேயே அடிக்கோப்பு தேடப்படும். அடுத்த முறை கோப்புறையோடு நகர்த்தினால் இந்த வேலையே இராது. கடைசியாக அடிக்கோப்பின் எழுதும் அனுமதியை நீக்கினேன். அதில் யாராவது ஒரு பைட் எழுதினாலும் மூன்று இயந்திரங்களும் கெடும்.

அன்றிலிருந்து ஸ்கிரிப்டின் வரிசையில் ஒரு மாற்றம். பழைய கோப்பின் பெயரை மாற்றுவது, இயந்திரத்தை இயக்கிப் பார்ப்பதற்கு முன்னாலேயே நடக்க வேண்டும். மூன்று மேலடுக்குகளையும் ஒரே குழுவாக அணைத்து, அடிக்கோப்பின் பெயரையும் சேர்த்து மாற்றியபின்னரே இயக்க வேண்டும். முதல் இரவில் எட்டாவது இயந்திரம் உடனே அகப்பட்டதற்கும், இவை மூன்றும் கிட்டத்தட்டத் தப்பியதற்கும் இந்த வரிசைதான் வேறுபாடு. முதல் நாள் எதேச்சையாகப் பெயரை முன்னரே மாற்றியிருந்தேன்; இரண்டாம் நாள், ஏதும் ஆகிவிடக் கூடாதே என்ற அச்சத்தில் பின்னால் வைத்திருந்தேன். அச்சம் காட்டிய வழிதான் தவறாகப் போனது.

நடுவே அனுமதிச் சிக்கல் ஒன்றும் வந்தது, அது சிறியது. கோப்பின் உரிமையாளரும் அனுமதியும் சரியாக இருந்தும், திறக்க அனுமதியில்லை என்று ஓர் இயந்திரம் மறுத்தது. நேம்ஐ என்ற கட்டளையை எல் விருப்பத்தோடு ஓட்டினால், பாதையின் ஒவ்வொரு படியின் அனுமதியையும் வரிவரியாகக் காட்டும். நடுவில் ஒரு கோப்புறை ரூட் பயனருக்கு மட்டும் திறந்திருந்தது. டெபியனில் இயந்திரங்கள் லிப்வெர்ட்-கியூஇஎம்யு என்ற தனிப் பயனரின் பெயரில் ஓடுகின்றன. அந்தப் பயனர் ஒவ்வொரு மேல் கோப்புறையையும் கடந்துபோக முடிய வேண்டும். எஸ்இலினக்ஸ் என்ற கூடுதல் பாதுகாப்பு அடுக்கு உள்ள ஃபெடோரா போன்றவற்றில் இதோடு நில்லாமல், புதிய கோப்புறைக்கு வர்ட்-இமேஜ் வகையின் அடையாளத்தை செமேனேஜ் கொண்டு நிலையாகப் பதிந்து, ரீஸ்டோர்கான் ஓட்டவும் வேண்டும்.

ஆக நகர்ந்தவை பத்து, பதினோராவது மிச்சம். உண்மையில் அது முதல் பட்டியலில் இருந்த ஏழு க்யூகவ்2 இயந்திரங்களுள் ஒன்றுதான்; பெயர்களை முகவரிகளாக மாற்றிக்கொடுக்கும் டிஎன்எஸ் வேலை அதனுடையது என்பதால் அணைக்க மனம் வராமல், ஓடும் நிலையிலேயே நகர்த்த ஒதுக்கிவைத்தேன். முதல் இரவின் எட்டில் அதற்குப் பதிலாகக் காப்பக இயந்திரம் ஒன்று தவறுதலாகப் பட்டியலில் ஏறியிருந்ததை ஒத்திகை நிலைதான் காட்டிக்கொடுத்தது. அதை நீக்கிவிட்டு, மேலடுக்கு ஒன்றை வெள்ளோட்டத்துக்காக முதல் இரவிலேயே படியெடுத்து எட்டாக்கியிருந்தேன், மறுநாள் அதையும் மற்ற இரண்டோடு சேர்த்து முதலிலிருந்து செய்தேன். டிஎன்எஸ் இயந்திரத்துக்கு விர்ஷின் பிளாக்காப்பி பயன்பட்டது. அது வட்டைப் புதிய இடத்துக்குப் படியெடுத்துக்கொண்டே, அதற்கிடையில் நிகழும் எழுத்துகளை இரு பக்கமும் எழுதி, இரண்டும் சமமானதும் பிவட் விருப்பத்தால் புதிய கோப்புக்குத் தாவுகிறது. இயந்திரம் ஒரு நொடியும் நிற்கவில்லை. இவ்வளவு எளிது என்றால் எல்லாவற்றுக்கும் இதையே செய்திருக்கலாமே என்று தோன்றும். நடுவில் ஹோஸ்ட் நின்றுபோனால் அந்த வேலை முழுவதும் வீண். எழுதிக்கொண்டிருக்கும் கோப்பை செக்சம் கொண்டு ஒப்பிடவும் வழியில்லை. ஷாலோ விருப்பம் கொடுக்காவிட்டால் மேலடுக்கும் அடிக்கோப்பும் ஒன்றாகக் கலந்து ஒரே பெரிய கோப்பாகிவிடும். அணைக்க முடிந்ததை அணைத்தே நகர்த்துவேன். தாவல் முடிந்ததும் நிலையான வரையறையிலும் புதிய பாதை ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எழுந்தேன்.

பழைய பாதையை நினைவில் வைத்திருந்த இன்னோர் இடம் மூன்று நாள் கழித்து அகப்பட்டது. இரவுதோறும் ஓடும் காப்புப்பிரதி ஸ்கிரிப்ட், பழைய கோப்புறையில் க்யூகவ்2 என்று முடியும் கோப்புகளைத் தேடி எடுத்துக்கொண்டிருந்தது. நான் பழைய கோப்புகளின் பின்னொட்டை மாற்றியிருந்ததால், காப்பக இயந்திரங்கள் இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு, வெற்றி என்று பதிவுசெய்துவிட்டு முடித்திருந்தது. காப்புப்பிரதியின் அளவு பாதியாகக் குறைந்ததைப் பார்த்துத்தான் சந்தேகம் வந்தது. இப்போது அது கோப்புறையைத் தேடுவதில்லை. டொம்பிளாக்லிஸ்ட் சொல்லும் பாதைகளையே எடுத்துக்கொள்கிறது, கியூஇஎம்யு-இமேஜ் இன்ஃபோவிடம் கேட்டு அடிக்கோப்புகளையும் சேர்த்துக்கொள்கிறது, எதிர்பார்த்த எண்ணிக்கை வராவிட்டால் தோல்வி என்று அறிவிக்கிறது.

இரண்டு வாரம் கழித்து, பதினொன்றையும் முழுதாக அணைத்து ஒருமுறை இயக்கிப் பார்த்தபின், பின்னொட்டு மாறிய கோப்புகளின்மேல் ஃபியூசரை மறுபடி ஓட்டினேன். எதுவும் திறந்திருக்கவில்லை. அழித்தேன். சுழல்வட்டில் 46 விழுக்காடு மட்டுமே நிரம்பியிருப்பதாக டிஎஃப் காட்டியது.